இயல்பு என்பது ஒற்றை வடிவம் அன்று
முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



மனித இதயத்தின் நான்கு வால்வுகளும் பாடநூல்களில் பெரும்பாலும் ஒரே ஒரு படத்தின் வழியாகவே அறிமுகமாகின்றன. அப்படத்தில் வலப்புற அறைகளுக்கு இடையே மூன்று இதழ்கள், இடப்புற அறைகளுக்கு இடையே இரண்டு இதழ்கள், பெருந்தமனியின் வாயிலிலும் நுரையீரல் தமனியின் வாயிலிலும் மும்மூன்று பிறைகள் என்று எல்லாம் அளந்து வைத்தாற்போல் அமைந்திருக்கும். உடற்கூறியல் கூடத்தில் மேசைமேல் உள்ள இதயத்தைத் திறந்து பார்க்கும் மாணவர், அந்தப் படத்தை அங்கே காணாதபோது, தாம் அறுத்த விதம் பிழையோ என்றோ, அந்த இதயம் நோயுற்றதோ என்றோ ஐயுறுவது இயற்கை. பெரும்பாலும் இரண்டுமே உண்மையாக இருப்பதில்லை. நலமுடன் வாழ்ந்த மனிதர்களின் இதய வால்வுகள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டின் பரப்பை அறிந்தவரால்தான் நோய் தொடங்கும் இடத்தைச் சரியாகக் கண்டுகொள்ள முடியும். இதை எடுத்துச் சொல்வதற்காகவே இம்மடல் எழுதப்படுகிறது.

வால்வின் பணி குருதியை ஒரு திசையில் மட்டும் செல்ல விடுவது. அது தன் ஆற்றலால் திறப்பதோ மூடுவதோ இல்லை. அதன் இருபுறமும் நிலவும் அழுத்தம் மாறும்போது இதழ்கள் விலகுகின்றன, மீண்டும் அழுத்தம் மாறும்போது ஒன்றையொன்று நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை நிகழும் இச்செயலில் வால்வு நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகள் இரண்டே: திறக்கும்போது குருதி தடையின்றிச் செல்ல வேண்டும், மூடும்போது இதழ்களின் ஓரங்கள் போதிய அகலத்துக்கு ஒன்றோடொன்று படிந்து ஒழுக்கைத் தடுக்க வேண்டும். இவ்விரண்டும் நிறைவேறும் வரை, இதழ்கள் எத்தனை, அவற்றின் ஓரங்களில் எத்தனை பிளவுகள், எந்த இதழ் பெரிது, எது சிறிது என்பவற்றில் இயற்கை மிகுந்த தாராளம் காட்டுகிறது. கருவளர்ச்சியின்போது இதழ்களும் அவற்றைத் தாங்கும் இழைகளும் திசு மெத்தைகளிலிருந்தும் இதயத் தசையின் உட்புறத்திலிருந்தும் படிப்படியாகச் செதுக்கப்பட்டு உருவாகின்றன; இத்தகைய உருவாக்கத்தில் ஒவ்வோர் இதயத்திலும் சிறு மாறுபாடு எழுவது வியப்புக்குரியதன்று.

இந்தத் தாராளம் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் வலது மேலறைக்கும் வலது கீழறைக்கும் இடையிலுள்ள மூவிதழ் வால்வு. முன்னிதழ், பின்னிதழ், இடைச்சுவரை ஒட்டிய இதழ் என்று அதற்கு மூன்று இதழ்கள் உண்டென்பது நெடுங்காலமாகக் கற்பிக்கப்படும் பாடம். போலந்தின் கிராக்கூவ் நகரத்து உடற்கூறியலாளர் மாத்தேயுஷ் ஹோவ்டாவும் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பிரேதப் பரிசோதனையில் பெறப்பட்ட 140 இதயங்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 58 விழுக்காட்டு இதயங்களில் மட்டுமே மூன்று இதழ்கள் இருந்தன. எஞ்சியவற்றில் நான்கு இதழ்கள் இருந்தன. 2021இல் ரெபெக்கா ஹானும் அவருடன் பணியாற்றியோரும், உணவுக்குழாய் வழியாகச் செய்யப்படும் எக்கோ படங்களைக் கொண்டு 579 நோயாளர்களின் மூவிதழ் வால்வை வகைப்படுத்தியபோதும், மூன்று இதழ்கள் கொண்டவர்கள் பாதியைச் சற்றே தாண்டினர். நான்கு இதழ்கள் கொண்டவர்கள் ஏறத்தாழ 39 விழுக்காட்டினர். இரண்டே இதழ்களோ நான்குக்கு மேற்பட்ட இதழ்களோ கொண்ட சிலரும் இருந்தனர். நின்றுபோன இதயங்களைக் கையில் எடுத்துப் பார்த்த ஆய்வும், துடிக்கும் இதயங்களைத் திரையில் பார்த்த ஆய்வும், வெவ்வேறு வகை மனிதர்களிடமிருந்து ஏறக்குறைய ஒரே விடையைத் தந்துள்ளன. பத்துப் பேரில் நால்வருக்கு உள்ள ஓர் அமைப்பை விதிவிலக்கு என்று அழைப்பது பொருந்தாது.

இதழ்களை எண்ணுவதே எளிய செயல் அன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இதழின் ஓரத்தில் காணப்படும் பிளவு, இரண்டு தனி இதழ்கள் சந்திக்கும் இணைப்புமுனையா, அல்லது ஒரே இதழின் ஓரத்தில் விழுந்த மடிப்பா என்பதை முடிவு செய்ய ஓர் அளவுகோல் வேண்டும். கனடாவின் டொராண்டோ நகரத்து ஆய்வாளர்கள் 1970ஆம் ஆண்டிலும் 1971ஆம் ஆண்டிலும் இயல்பான இதயங்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரைகள் இதற்கு வழிகாட்டின. இதழ்களைக் கீழறையின் பாப்பில்லரி தசைகளோடு பிணைக்கும் வெண்ணிற நாணிழைகளை அவர்கள் வகைப்படுத்தி, இணைப்புமுனைகளில் ஒரே காம்பிலிருந்து விசிறிபோல் பிரிந்து பரவும் இழைகள் அமைகின்றன என்று காட்டினர். ஆகவே பிளவின் ஆழத்தை மட்டும் பார்த்து எண்ணிக்கையை அறிவித்துவிடாமல், அப்பிளவுக்குக் கீழே வந்து சேரும் இழை எவ்வாறு கிளைக்கிறது, அது எந்தத் தசையிலிருந்து எழுகிறது என்பவற்றையும் சேர்த்துப் பார்ப்பதே முறையாகும். ஓர் ஆய்வாளர் நான்கு என்று எண்ணுவதை மற்றொருவர் மூன்று என்று எண்ணுவதற்கு, இதயங்கள் வேறுபடுவதோடு, அளவுகோல்கள் வேறுபடுவதும் காரணமாகிறது.

மைட்ரல் வால்வு என்று மருத்துவமனைகளில் வழங்கப்படும் இடப்புறத்து ஈரிதழ் வால்வில் இதழ்களின் எண்ணிக்கை பெரும்பாலும் மாறுவதில்லை. அங்கே வேறுபாடு இதழ்களுக்குள்ளேயே அமைகிறது. முன்னிதழ் வால்வு வளையத்தின் சுற்றளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மட்டுமே பற்றியிருந்தாலும் உயரத்தில் மிக்கது. பின்னிதழ் மூன்றில் இரண்டு பங்கைப் பற்றியிருந்தாலும் உயரத்தில் குறைந்தது. அந்தப் பின்னிதழின் ஓரம் பிளவுகளால் பகுக்கப்பட்டுப் பெரும்பாலான இதயங்களில் மூன்று வளைவுகளாகத் தோன்றுகிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலேன் கார்ப்பான்தியே வகுத்த முறையைப் பின்பற்றி இவ்வளைவுகள் இன்று பி1, பி2, பி3 எனக் குறிக்கப்படுகின்றன. நடு வளைவே பெரும்பாலும் மிகப் பெரியது என்றாலும், மூன்றின் அளவு விகிதமும் பிளவுகளின் ஆழமும் இதயத்துக்கு இதயம் மாறுகின்றன. மூன்றைவிடக் கூடுதலான வளைவுகள் கொண்ட இயல்பான வால்வுகளும் உண்டு. டொராண்டோ ஆய்வில் ஓர் ஈரிதழ் வால்வுக்குச் சராசரியாக 25 நாணிழைகள் கணக்கிடப்பட்டன. ஆனால் அது சராசரி மட்டுமே. அவ்விழைகள் எழும் பாப்பில்லரி தசைகள் இரண்டு தொகுதிகளாக அமைவது நிலையானது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு முனையா, பல முனைகளா என்பது நிலையானதன்று.

பெருந்தமனியின் வாயிலிலும் நுரையீரல் தமனியின் வாயிலிலும் உள்ள அரைமதி வால்வுகளுக்கு நாணிழைகள் இல்லை. பிறைபோன்ற மூன்று மென்பைகள் குருதியால் நிரம்பி, நடுவில் ஒன்றோடொன்று அழுந்தி மூடிக்கொள்வதே அவற்றின் செயல்முறை. லியோனார்டோ டா வின்சி 1513ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் எருதின் இதயத்தை ஆராய்ந்து, பெருந்தமனி வால்வுக்குப் பிறைகள் மூன்றாக அமைந்திருப்பதன் காரணத்தை வடிவியல் கொண்டு விளக்க முயன்றார். பிறைகளுக்குப் பின்னாலுள்ள குழிகளில் குருதி சுழல்வதே வால்வு மூடத் துணைபுரிகிறது என்ற அவருடைய கருத்து, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோதனைகளால் உறுதிப்பட்டது. வடிவியல் சொல்லும் மூன்று பிறைகளும் சம அளவுடையவை. மனித இதயம் அவ்வளவு கண்டிப்பானதன்று. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த வொல்லபெர்கும் பெக்கரும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், இயல்பான பெருந்தமனி வால்வுகளின் பிறைகளை அளந்தபோது, மூன்றும் சமமாக அமைந்த வால்வுகளே அரியவை என்று கண்டனர். சமமின்மையே இங்கே பொது நிலை.

அரைமதி வால்வின் ஓரத்தில் காணப்படும் வேறு இரண்டு தோற்றங்களும் புதிய மாணவரைத் திகைக்கச் செய்யக்கூடியவை. ஒன்று, பிறையின் விளிம்புக்கு அருகில் தென்படும் சிறு துளைகள். பிறைகள் மூடும்போது அவற்றின் விளிம்புகள் மட்டும் தொடுவதில்லை. விளிம்புக்குச் சற்றுக் கீழேயுள்ள மூடுகோடு வரை ஒரு மெல்லிய பட்டை முழுவதும் ஒன்றோடொன்று படிகிறது. துளைகள் பெரும்பாலும் அந்தப் பட்டைக்குள்ளேயே அமைவதால், வால்வு மூடியிருக்கும்போது அவற்றின் வழியே குருதி ஒழுகுவதில்லை. வயது ஏற ஏற அவை மிகுதியாகக் காணப்படுகின்றன. மற்றொன்று, மூடுகோட்டை ஒட்டி வளரும் நுண்ணிய நூல் போன்ற நீட்சிகள். 1856இல் அவற்றை விவரித்த லாம்பிலின் பெயராலேயே அவை அழைக்கப்படுகின்றன. பிறைகள் ஓயாமல் தொட்டு விலகுவதால் ஏற்படும் தேய்வோடு தொடர்புடையவையாக அவை கருதப்படுகின்றன. நோய்த்தொற்றால் விளையும் வளரிகளோடு அவற்றைக் குழப்பிக்கொள்ளாதிருக்க, அவற்றை முன்னரே பார்த்துப் பழகியிருப்பது உதவும்.

வயதும் ஒரு வேறுபாட்டுக் காரணி. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தோர் 20 முதல் 99 வயது வரையிலான 765 பேரின் இயல்பான இதயங்களை அளந்து 1988இல் வெளியிட்ட ஆய்வு, வயது கூடக்கூட வால்வுகளின் சுற்றளவும் கூடுகிறது என்பதையும், அந்தக் கூடுதல் அரைமதி வால்வுகளில் மிகுதி என்பதையும் காட்டியது. இருபது வயது இளைஞரின் வால்வுக்கு உரிய அளவையும் மென்மையையும் எண்பது வயது முதியவரின் வால்வில் தேடுவது பொருளற்றது. ஆணின் உடல், பெண்ணின் உடல், உயரம், எடை ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு என்பதால்தான், பல அளவுகள் உடற்பரப்போடு ஒப்பிட்டே சொல்லப்படுகின்றன.

மாணவர்களே, இவையெல்லாம் உடற்கூறியல் நூலின் ஓரக்குறிப்புகளாக மட்டும் நின்றுவிடுவன அல்ல. இயல்பான வடிவத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால் நலமாயிருந்த எண்ணற்ற மனிதர்கள் நோயாளிகளாக அறிவிக்கப்பட்ட ஒரு காலம் மருத்துவ வரலாற்றில் உண்டு. ஈரிதழ் வால்வின் இதழ், கீழறை சுருங்கும்போது மேலறைப் பக்கமாகப் பிதுங்குவது மைட்ரல் பிதுக்கம் எனப்படும். எக்கோ கருவிகள் பரவலான காலத்தில், வால்வு வளையம் தட்டையானது என்ற எண்ணத்தின் அடிப்படையில், எந்தக் காட்சித் தளத்தில் பார்த்தாலும் வளையத்தின் இரு முனைகளையும் இணைக்கும் கோட்டை இதழ் தாண்டினால் அது பிதுக்கமே என்று கொள்ளப்பட்டது. அதன் விளைவாக, மக்களில் 5 முதல் 15 விழுக்காட்டினருக்கு இக்குறைபாடு உண்டு என்று மதிப்பிடப்பட்டது. வேறு எந்தத் தொல்லையும் இல்லாத இளம்பெண்கள் பலர் இப்பெயரைச் சுமக்க நேர்ந்தது.

பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த ராபர்ட் லெவினும் அவருடன் பணியாற்றியோரும் 1987இலும் 1989இலும் வெளியிட்ட ஆய்வுகள் இந்த எண்ணத்தைத் தகர்த்தன. முப்பரிமாணத்தில் பார்த்தால் மைட்ரல் வளையம் தட்டையான வட்டமன்று. குதிரைச் சேணம்போல் முன்னும் பின்னும் உயர்ந்து, இரு பக்கங்களிலும் தாழ்ந்த வளைவு என்பது புலனாயிற்று. நான்கு அறைகளும் ஒருங்கே தெரியும் காட்சித் தளம் வளையத்தின் தாழ்ந்த பக்கங்களை வெட்டிச் செல்வதால், முற்றிலும் இயல்பான இதழ்கூட அந்தக் கோட்டைத் தாண்டி நிற்பதுபோல் அதில் தோன்றும். நெடுக்கு அச்சுத் தளத்தில் பார்த்தாலோ அதே இதழ் தன் இடத்திலேயே இருக்கும். இந்த அறிவின்படி அளவுகோல் திருத்தப்பட்ட பின்னர், ஃபிராமிங்ஹாம் இதய ஆய்வில் பங்கேற்ற 3,491 பேரை ஆராய்ந்து 1999இல் வெளியான முடிவு, மைட்ரல் பிதுக்கம் 84 பேருக்கு, அதாவது 2.4 விழுக்காட்டினருக்கு மட்டுமே உள்ளது என்று காட்டியது. அவர்களிடத்தும் பக்கவாதம், மயக்கம் போன்ற சிக்கல்கள் ஏனையோரைவிட மிகுதியாக இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் மக்களின் இதயங்கள் மாறிவிடவில்லை. இயல்பு எது என்ற மருத்துவத்தின் அறிவே மாறியது. தவறான பெயரைப் பெற்றவர்கள் தேவையற்ற அச்சத்தோடும், தேவையற்ற மருந்துகளோடும், விளையாட்டையும் வேலையையும் பற்றிய தேவையற்ற தயக்கங்களோடும் கழித்த காலத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

இதன் மறுபக்கத்தையும் அதே அக்கறையோடு சொல்லியாக வேண்டும். வேறுபாடுகள் எல்லாம் தீங்கற்றவை என்று கொள்வது, வேறுபாடுகள் எல்லாம் நோய் என்று கொள்வதற்கு நிகரான பிழை. பெருந்தமனி வால்வில் மூன்றுக்கு மாறாக இரண்டே பிறைகள் அமைவது நூற்றில் ஒருவர், இருவருக்குக் காணப்படும் பிறவி அமைப்பு; அவர்களுள் பலர் நெடுங்காலம் எந்தத் தொல்லையும் அறியாமல் வாழ்கின்றனர். ஆயினும் அவ்வால்வு மற்றவர்களைவிட முன்னதாகவே சுண்ணம் படிந்து இறுகவோ ஒழுகவோ கூடும்; அதற்கு மேலுள்ள பெருந்தமனி விரிவடையவும் கூடும்; குடும்பத்தில் நெருங்கிய உறவினருக்கும் அதே அமைப்பு இருக்கலாம். அதனால் அது வாழ்நாள் முழுவதும் கண்காணிக்கப்பட வேண்டிய ஒன்றே. நான்கு பிறைகள் என்ற மிக அரிய அமைப்போ, எந்த வால்வில் உள்ளது என்பதைப் பொறுத்துப் பொருள் வேறுபடுகிறது: பெருந்தமனி வால்வில் அது பெரும்பாலும் ஒழுக்கில் முடிகிறது, நுரையீரல் தமனி வால்வில் அமைந்தாலோ வாழ்நாள் முழுவதும் வெளிப்படாமலேயே இருந்துவிடுவது வழக்கம். இடது கீழறை ஏறத்தாழ 120 மி.மீ. பாதரச அழுத்தத்தை எழுப்பும்போது, வலது கீழறை அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அழுத்தத்தையே எழுப்புகிறது என்பது இந்த வேறுபாட்டை விளங்கச் செய்கிறது.

எல்லையை எண்ணால் குறிக்க வேண்டிய இடங்களும் உண்டு. மூவிதழ் வால்வின் இடைச்சுவர் இதழ், ஈரிதழ் வால்வு பற்றியுள்ள மட்டத்தைவிடச் சற்றுத் தாழ்வாக, இதய முனையை நோக்கி இறங்கி அமைவது எல்லா இயல்பான இதயங்களுக்கும் பொதுவானது. அந்த இறக்கம் உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 8 மி.மீ. அளவை எட்டும்போதுதான் எப்ஸ்டைன் குறைபாடு என்ற பிறவி நோய் கருதப்படுகிறது. நலமானவரிடமும் நோயாளரிடமும் இருப்பது ஒரே வகை வேறுபாடு. அளவே இருவரையும் பிரிக்கிறது.

இந்திய மருத்துவ மாணவருக்கு இதில் இன்னும் நெருக்கமான ஒரு பொறுப்பு இருக்கிறது. தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் இதய வால்வுகளைப் பாதிக்கும் நோய் இந்நாட்டில் இன்னும் ஒழியவில்லை. பள்ளிக் குழந்தைகளிடம் எக்கோ கருவியைக் கொண்டு அதை முன்கூட்டியே கண்டறியும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. அத்தகைய முயற்சியில், நலமான குழந்தையின் வால்வில் காணப்படும் சிறு ஒழுக்கையும் இதழின் இயல்பான தடிமனையும் நோயென்று எழுதிவிட்டால், அக்குழந்தை பல ஆண்டுகள் பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ள நேரிடும். உண்மையான நோயை இயல்பென்று விட்டுவிட்டால், வால்வு மீளமுடியாத அளவுக்குச் சிதையும். இக்காரணத்தால்தான் உலக இதயக் கூட்டமைப்பு 2012இல் வெளியிட்ட வரையறை, மைட்ரல் ஒழுக்கை நோய்க்குறியாகக் கொள்வதற்கு அது இரண்டு காட்சித் தளங்களில் தெரிய வேண்டும், குறைந்தது ஒரு தளத்தில் 2 செ.மீ. நீளம் இருக்க வேண்டும், அதன் வேகம் நொடிக்கு 3 மீட்டரை எட்ட வேண்டும், கீழறை சுருங்கும் காலம் முழுவதும் நீடிக்க வேண்டும் என்று நான்கு நிபந்தனைகளையும் ஒருங்கே கேட்டது. முன்னிதழின் தடிமனுக்கும் 20 வயது வரை 3 மி.மீ., 21 முதல் 40 வயது வரை 4 மி.மீ., அதற்கு மேல் 5 மி.மீ. என்று வயதுக்கேற்ற எல்லைகளை அது வகுத்தது. நலமானவர்களின் வால்வுகள் எவ்வளவு தூரம் வேறுபடலாம் என்பது முதலில் தெரிந்திருந்ததால்தான் இத்தகைய எல்லைகளை வகுக்க முடிந்தது.

அறுவையின்றி, தொடைச் சிரை வழியே செலுத்தப்படும் குழாயின் மூலம் மூவிதழ் வால்வின் இதழ்களைக் கவ்விப் பிணைத்து ஒழுக்கைக் குறைக்கும் சிகிச்சை அண்மை ஆண்டுகளில் வளர்ந்து வருவதால், இவ்வறிவு மருத்துவரின் கைக்கும் வந்து சேர்ந்துள்ளது. எந்த இதழை எந்த இதழோடு பிணைப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர், அவ்வால்வில் மூன்று இதழ்கள் உள்ளனவா, நான்கா, பிளவு எங்கே அமைந்துள்ளது என்பதை அறியாமல் செயல்பட முடியாது. உடற்கூறியலில் சிறு நுணுக்கம் என்று கடந்து செல்லப்பட்ட ஒன்று, சிகிச்சைத் திட்டத்தின் முதல் கேள்வியாக மாறிவிட்டது.

ஆகவே, மாணவர்களிடம் இம்மடல் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. இதயத்தைத் திறக்கும் நாளில், நூலிலுள்ள படத்தை மேசைமேல் உள்ள இதயத்தில் தேடுவதற்கு முன்பாக, அந்த இதயத்தில் உள்ளதை உள்ளபடியே வரைந்துகொள்வது நன்று. மூவிதழ் வால்வின் இதழ்கள் எத்தனை, அவற்றைப் பிரிக்கும் இடங்களில் விசிறி இழைகள் உள்ளனவா, மைட்ரல் பின்னிதழின் வளைவுகள் எத்தனை, பெருந்தமனி வால்வின் மூன்று பிறைகளில் எது பெரிது, விளிம்புத் துளைகள் மூடுகோட்டுக்கு எந்தப் பக்கம் உள்ளன என்பவற்றைக் குறித்து, பக்கத்து மேசையின் இதயத்தோடும் அதற்கடுத்த மேசையின் இதயத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த நூலும் தர இயலாத ஒரு பாடம் ஒரே பிற்பகலில் கிடைத்துவிடும். ஆசிரியர்கள் இக்குறிப்புகளை ஆண்டுதோறும் ஒரு பதிவேட்டில் தொகுத்து வைத்தால், அந்தக் கல்லூரிக்கு வந்துசேர்ந்த இதயங்களின் வேறுபாடுகள் அடுத்தடுத்த ஆண்டு மாணவர்களுக்குப் பாடமாகும். தம் உடலைக் கல்விக்கெனக் கொடையளித்தவர்கள் ஒவ்வொருவரும் தமக்கே உரிய ஓர் இதயத்தை விட்டுச் சென்றிருக்கின்றனர். அதைப் பொதுவான ஒரு படத்தின் பிழைபட்ட நகலாகக் கருதாமல், அதற்குரிய தனித்தன்மையோடு கற்பதே அக்கொடைக்குச் செய்யும் மரியாதை.

பின்னாளில் ஒரு மருத்துவராக, எக்கோ அறிக்கையின் கீழே கையெழுத்திடும் தருணத்தில், எதிரே அமர்ந்திருப்பவரின் வால்வு வேறுபட்டது என்று மட்டும் எழுதுவதா, நோயுற்றது என்று எழுதுவதா என்ற கேள்வி ஒவ்வொருவர் முன்னும் வந்து நிற்கும். அக்கேள்விக்குப் பொறுப்போடு விடையளிக்கத் தேவையான பயிற்சி, முதலாண்டின் உடற்கூறியல் கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதை ஒவ்வொரு மாணவரும் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இம்மடலின் விருப்பம்.

இங்ஙனம்,
உடற்கூறியல் கற்பிப்போருள் ஒருவர்